மூட்டை வரிசையில் ஒரு திருத்தம்

சேசு மரி சூசை

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
18 ஜனவரி 1960

அன்புள்ள மகள் ஆனந்தமேரிக்கு அப்பா அருள்நாதன் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகம். உன் சுகத்தையும், உன் மடத்துச் சகோதரிகள் எல்லாருடைய சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

உன் கடிதம் கிறிஸ்துமஸ் கழிந்து வந்து சேர்ந்தது. அம்மா அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு வாசித்தேன். "அப்பா எனக்காக வருவதாக இருந்தால் வர வேண்டாம். இங்கே உள்ளவர்களுக்காக வருவதாக இருந்தால் வாருங்கள்" என்று நீ எழுதியிருந்த வரி. அதற்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாததால் மற்ற விவரங்களை முதலில் எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. அதற்காகச் சென்னைக்குப் போய் வந்தேன். போட்டோவில் நான் எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி இருப்பதாக அம்மா சொல்கிறாள். அம்மை குத்திக்கொண்ட இடம் வீங்கி இப்போதுதான் வற்றியிருக்கிறது. மே மாதக் கடைசியில் பம்பாயில் கப்பல் ஏற வேண்டும். பெய்ரூத்தில் இறங்கினால் அங்கிருந்து மோட்டாரில் அழைத்துப் போவார்களாம். உன் மாமா சூசை இதையெல்லாம் கேட்டுவிட்டு, "மச்சான், கொடைக்கானல் பஸ்ல ஜன்னலோரம் உக்காரவே நடுங்குவீங்க. சுத்தியும் தண்ணியா இருந்தா எந்தப் பக்கம் திரும்பி உக்காருவீங்க?" என்று கேட்டான். சிரித்துவிட்டேன். பிறகு தனியே உட்கார்ந்து அதைப் பற்றி யோசித்தேன்.

நான் எப்படி இதில் இறங்கினேன் என்பது எனக்கே விளங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சாமியார் உங்கள் மடத்துத் தலைவி மதரின் வேண்டுகோளை வாசித்தார். ஜோர்டான் தேசத்தில், எரிக்கோ ஊருக்கு வெளியே, வீடும் நிலமும் இழந்த ஜனங்கள் பத்து வருஷத்துக்கு மேலாக முகாமில் இருக்கிறார்கள். அங்குள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சித்திரம் கற்றுக்கொடுக்க ஒரு வருஷம் சம்பளமில்லாமல் வந்து தங்க யாராவது வேண்டும். பிரயாணத்தையும் சாப்பாட்டையும் மடம் பார்த்துக்கொள்ளும் என்றார். பூசை முடிந்ததும் சாமியார் அறை வாசலில் போய் நின்றேன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்த காலமெல்லாம் கூப்பிடாமல் ஹெட்மாஸ்டர் அறைக்குள் போனவன் இல்லை நான். சாமியாரும் நான் வேறு எதற்கோ வந்திருப்பதாக எண்ணி, கோவில் கொடிக்கு வர்ணம் பூசுவது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இப்போது உன் வரிக்கு வருகிறேன். நீ துறவற வார்த்தைப்பாடு கொடுத்த அன்று மடத்துக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று உன்னைப் பார்த்தோம். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. உங்கள் சபை ஒழுங்கு அப்படி என்று தெரிந்துதான் அனுப்பினோம். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் சாமியார் அந்த வேண்டுகோளை வாசித்தபோது என் காதில் முதலில் விழுந்த வார்த்தை எது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அகதிகள் என்ற வார்த்தை இல்லை, மகளே. நீ இருக்கும் எரிக்கோ என்ற வார்த்தை.

ஆகவே ஒரு காரியம் செய்யலாம் என்று இருக்கிறேன். புறப்படுவதற்கு முன் இங்கேயே, எனக்கு எந்தச் சொந்தமும் இல்லாத பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கிறேன். அவர்கள்மேல் என் மனசு நிற்கிறதா, வேறெங்கோ ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். பேகம்பூரில் தோல் மண்டிக் கணக்கர் நைனா முகமதுவை உனக்கு நினைவிருக்கும். அவர் தம் வீட்டுக் கூடத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முகாமில் உள்ளவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்று நீ எழுதியிருந்தபடியால், இது எனக்கு நல்ல பழக்கமாகவும் இருக்கும்.

அம்மாவுக்குக் குளிர்காலத்து மூச்சிரைப்பு கொஞ்சம் இருக்கிறது. பயப்படும்படி ஒன்றுமில்லை. நான் இல்லாதபோது சூசையும் அவன் மனைவியும் இங்கே வந்து இருப்பார்கள்.

உன் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

அன்புள்ள அப்பா,
அருள்நாதன்

*

சேசு மரி சூசை

திண்டுக்கல்
10 மார்ச் 1960

அன்புள்ள மகளுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

தபசு காலம் தொடங்கிவிட்டது. பேகம்பூரில் ரமலான் நோன்பும் நடக்கிறது. நோன்பு முடியும்வரை வகுப்பை நிறுத்தி வைக்கலாமா என்று நைனா முகமதுவின் மனைவி குர்ஷித் பேகத்திடம் கேட்டேன். "நல்லாச் சொன்னீங்க வாத்தியாரய்யா! வருசம் பூராவும் மத்தியானம் அடுப்படிதான். இந்த ஒரு மாசந்தான் எங்களுக்கு மத்தியானம்னு ஒண்ணு இருக்கு. அதையும் புடுங்கிக்கிடாதீங்க" என்றார். ஆகவே லுகர் என்னும் மத்தியானத் தொழுகை முடிந்த பிறகு வகுப்பு நடக்கிறது.

முதல் நாள் கூடத்துக்குள் போகக் கூச்சப்பட்டு, வாசலில் செருப்போடு நின்றுகொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து குர்ஷித் பேகம், "நரைச்ச தலைக்கு என்ன கோஷா? உள்ள வாங்க" என்று சத்தம் போட்டார். பெண்கள் சிரித்த சிரிப்பில் தெருவில் போன ஜட்காக்காரன் திரும்பிப் பார்த்தான். நைனா முகமதுவின் தாயார் ஜெய்தூன் பீவி கூடத்தின் நடுவில் கட்டிலில் உட்கார்ந்து காவல் இருக்கிறார். காவல் காப்பதைவிட வம்பு பேசுவதுதான் அதிகம். பாடத்துக்காக நான் ஒரு கத்திரிக்காயைக் கொண்டுபோய் வைத்த அன்று, "நோன்பு வயித்துக்காரிக முன்னால கத்திரிக்காய வச்சிட்டு, பாத்து வரை பாத்து வரைங்கிறாரே. இந்த மனுசனுக்கு ஈவு எரக்கம் இருக்கா?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து வேப்பிலையை வைக்கிறேன்.

உயிருள்ளவற்றை வரைவது பற்றி முன்னதாகவே பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டுவிட்டேன். அங்கே முகாமிலும் இந்தக் கேள்வி வரும் அல்லவா? "மனுசன், மிருகம் வேண்டாம் வாத்தியாரே. செடி, கொடி, சட்டி, பானை எம்புட்டு வேணும்னாலும் போடுங்க" என்றார். அவரிடமே அரபு வார்த்தைகளும் சில கற்கிறேன். வீட்டுக்குப் பைத், எழுதுகோலுக்குக் கலம், நன்றாயிருக்கிறது என்பதற்குத் தய்யிப். தொண்டைக்குள்ளிருந்து எழுப்ப வேண்டிய எழுத்துகள் எனக்கு வரவில்லை. "மீன் முள்ளு மாட்டுன மாதிரி நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க" என்கிறார். வீட்டில் சொல்லிப் பார்த்தபோது அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி கிரேடு பரீட்சைக்குப் பையன்களைத் தயார்செய்த வழி. முதலில் நேர்கோடு, பிறகு வளைகோடு, பிறகு இலை, பிறகு கரை. சேலைக் கரையில் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருமே, அதைப்போல நீளமான தாளில் ஒரே அளவில், ஒரே இடைவெளி விட்டு ஒரு உருவத்தைப் போட்டுக்கொண்டே போவதுதான் கரைப் பாடம். இந்தப் பெண்களுக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. ஒருத்தி மாங்காய் போடுகிறாள், ஒருத்தி பிறை போடுகிறாள்.

எல்லாரிலும் நல்ல கை சர்புன்னிசா என்பவருக்கு. நாற்பத்தைந்து வயதிருக்கும். ரங்கூனில் கடை வைத்திருந்தவர்களாம். யுத்தத்தில் குண்டு விழுந்தபோது குடும்பத்தோடு மலை வழியாக நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். புருஷன் பிற்பாடு இங்கே வந்து இறந்தார். ஒரு பெண்ணைப் பழனிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார். மகன் சௌகத் அலி தோல் மண்டியில் வேலை பார்க்கிறான். அதிகம் பேச மாட்டார். பென்சிலை அழுத்தாமல் பிடிப்பார், கோடு தயங்காது. அவரும் ஒரு காலத்தில் அகதியாக வந்தவர் என்பது எனக்கு வகுப்புத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு என்னால் சொல்லிக்கொடுக்க முடிகிறது என்று எண்ணும்போது கொஞ்சம் தைரியம் வருகிறது.

வகுப்பு நேரத்தில் நான் உன்னை நினைப்பதில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீ கேட்டதற்கு இதுதான் பதில் என்று தோன்றுகிறது. நான் அவர்களுக்காக வரக்கூடும்.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு இன்னும் விடவில்லை. வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர்.

அன்புள்ள அப்பா,
அருள்நாதன்

*

சேசு மரி சூசை

திண்டுக்கல்
24 மார்ச் 1960

அன்புள்ள மகளுக்கு.

போன கடிதத்தில் எழுதியதையெல்லாம் மறந்துவிடு. மதருக்கும் என்னால் வர இயலாது என்று எழுதிவிட்டேன். காரணத்தை ஆங்கிலத்தில் எழுத வரவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

சர்புன்னிசா கரைப் பாடத்துக்கு மூட்டையைத் தேர்ந்தெடுத்தார். துணி மூட்டை, வாயைச் சேர்த்து முடிச்சுப் போட்டது. முதல் மூட்டை பெரியது. அடுத்தது அதைவிடச் சிறியது. அதற்கடுத்தது இன்னும் சிறியது. பிறகு ஓர் இடைவெளி. அப்புறம் கடைசியில் மிகச் சின்னதாக ஒன்று. முடிச்சின் மடிப்புகளெல்லாம் அவ்வளவு அழகாக விழுந்திருந்தன. ஆனால் அளவும் ஒன்றாக இல்லை, இடைவெளியும் ஒன்றாக இல்லை. எல்லாம் ஒன்றாக இருப்பதுதானே கரைப் பாடத்தின் விதி என்று எனக்குப் பொறுக்கவில்லை.

பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து எனக்கு ஒரு பழக்கம். பிழையை வாயால் விளக்கிக்கொண்டிருக்க மாட்டேன்; பென்சிலை வாங்கி நானே போட்டுக் காட்டிவிடுவேன். பரீட்சைக்கு நேரம் மிச்சமாகும். அன்றும் அப்படியே அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கினேன். "இங்கே ஒன்று விட்டுப்போயிற்றே அம்மா" என்று சொல்லிக்கொண்டே அந்த இடைவெளியில் ஒரு மூட்டையைப் போட்டுவிட்டேன். நன்றாகவே போட்டேன். வரிசை நிரம்பிவிட்டது என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

அவர் தாளையே பார்த்தார். பிறகு நான் போட்ட மூட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து, அழித்துவிடலாம் என்று ரப்பரை நீட்டினேன். "வேண்டாம். வச்சிட்டீங்க. எடுக்காதீங்க" என்றார். கையை எடுக்காமலே தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஜெய்தூன் பீவி கூப்பிட்டும் திரும்பவில்லை.

மற்றப் பெண்கள் போன பிறகு குர்ஷித் பேகம் சொன்னார். மலை வழியில் ஆளுக்கொரு மூட்டை தலையில் வைத்து நடந்தார்களாம். தகப்பனுக்குப் பெரியது, தாய்க்கு அடுத்தது, பிள்ளைகளுக்கு அவரவர் வயதுக்குத் தக்கபடி. சௌகத் அலி அப்போது நடை பழகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவனும் அடம்பிடித்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டானாம். அவனுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். சேக் பரீது என்று பெயர். "காச்சல்ல நடக்க மாட்டாமப் போச்சு. மலையிலயே விட்டுட்டு வந்துட்டாக" என்றார் குர்ஷித் பேகம். விட்டுவிட்டு வந்தார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

உயிருள்ளதை வரைய வேண்டாம் என்று சொன்னதால், அந்த அம்மாள் ஆளுக்குப் பதில் மூட்டையைப் போட்டிருக்கிறார். நான் விட்டுப்போயிற்று என்று சொன்னேன்.

மறுநாள் சௌகத் அலி நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். இருபது வயதுப் பையன். கையெல்லாம் தோல் பதனிடும் பட்டைச் சாயம். அம்மா வழக்கம்போலச் செம்பில் தண்ணீரை நீட்டிவிட்டாள். "நோன்பும்மா" என்றான். அவள் செம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவன் என்னிடம், "படம் போடச் சொல்லிக் குடுக்கத்தானே கூப்பிட்டீக? எங்கம்மா நோன்பு தொறக்கக்கூடக் கஞ்சி குடிக்கல. அந்தத் தாள வச்சிக்கிட்டு சேக் பரீது சேக் பரீதுன்னு அழுவுது. யாரும்மா அதுன்னு கேட்டா, உங்க அண்ணன்டாங்குது. எனக்கு அண்ணன் இருந்ததே எனக்குத் தெரியாதுய்யா. செத்தவனக் கொண்டாந்து வீட்டுல உக்கார வச்சிட்டீகளே, இப்ப அவனுக்கு நான் என்ன செய்ய?" என்று கேட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் பரவாயில்லை. அவனும் அழுதுவிட்டான்.

ஒரு கூடத்தில், நம் பாஷையே பேசும் பெண்களிடத்தில், இப்படிச் செய்தேன். அங்கே ஒரு முகாம் முழுவதும் சர்புன்னிசாக்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வதும் எனக்கு விளங்காது. நான் போகும் இடத்திலெல்லாம் விட்டுப்போனதை நிரப்பிக்கொண்டே போவேன்.

மதருக்கு எழுதிவிட்டேன் என்று சொன்னபோது அம்மா கோபப்படவில்லை. "நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப அந்தப் பொம்பளகிட்டப் போயிச் சொல்லுங்க. அத விட்டுட்டுக் கடல் தாண்டிக் கடுதாசி போட்டு என்ன பிரயோசனம்?" என்றாள். பிறகு அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து, "பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். யாரை என்று சொல்லவில்லை.

எனக்காக ஜெபம் செய்.

அப்பா

*

சேசு மரி சூசை

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
6 மே 1960

அன்பும் மரியாதையும் உள்ள சகோதரி அகஸ்டினா அவர்களுக்கு அருள்நாதன் எழுதுவது. சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம்.

இப்படித் தொடங்கியிருப்பதைக் கண்டு வருத்தப்பட வேண்டாம். அங்கே எல்லாரையும்போல நானும் உங்களைச் சிஸ்டர் என்றுதான் அழைக்க வேண்டும், ஆனந்தமேரி என்ற வீட்டுப் பெயரைச் சொல்லக் கூடாது என்று மதர் எழுதியிருக்கிறார். வாய்க்கு வருவதற்குக் காலமாகும். ஆகையால் கையிலிருந்து பழகத் தொடங்குகிறேன். நீங்கள் என்று எழுதுவதும் அதற்காகத்தான்.

ஆம், வருகிறேன். அது எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

பெருநாள் கழிந்ததும், நைனா முகமதுவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சர்புன்னிசா வீட்டுக்குப் போனேன். சௌகத் அலி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். மன்னித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். "அல்லா குடுத்தான், எடுத்துக்கிட்டான், பேசாம இருன்னு அப்ப எல்லாரும் சொன்னாக. நானும் பேசாமயே இருந்துட்டேன். நீங்க வந்து அவன் எடத்துல போட்டீங்க. அளவாச்சும் சரியாப் போட்டீங்களா? எம்புள்ள மூட்டை சின்னது. நீங்க போட்டது பெருசு. அதச் சொமந்து அவன் எப்படி நடப்பான்?" என்றார்.

நைனா முகமது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அம்மாளே, "நான் வெளிநாடு போகலேன்னு சொல்லிட்டீங்களாமே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அங்க உள்ளவுகளுக்கும் நீங்களே போட்டுருவீங்களா?" என்றார். இல்லை, இனி யாருடைய தாளிலும் கை வைக்க மாட்டேன் என்றேன். "அப்பப் போக வேண்டியதுதானே. அவுகளுக்கு எது வருதோ அதப் போடட்டும். நீங்க பென்சிலச் சீவிக் குடுத்துக்கிட்டு சும்மா இருங்க" என்றார். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் அப்படி ஒன்றும் அவர் சொல்லவில்லை. வகுப்புக்கும் பிறகு வரவில்லை. மூட்டைத் தாள் என்ன ஆயிற்று என்றும் நான் கேட்கவில்லை. நாங்கள் புறப்படும்போது சௌகத் அலி தெருமுனைவரை வந்து, "அண்ணன் பேருக்குப் பள்ளிவாசல்ல ஓதச் சொல்லியிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

மற்றப் பெண்களுக்கு வகுப்பைத் தொடர்ந்து நடத்தினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பிழையாக ஒரு கோடு போனால் விரல்கள் துடிக்கின்றன. பேசாமல் நிற்கிறேன். ஜெய்தூன் பீவி, "வாத்தியாருக்கு வெலங்கு மாட்டிட்டாங்கடி" என்று பரிகாசம் செய்கிறார். அளவு பிசகிய மாங்காய்களும் கோணல் பிறைகளும் கூடம் நிறைய இருக்கின்றன. இன்னது ஏன் என்று நான் கேட்பதில்லை. சில நாள் யாராவது ஒருத்தி தானாகவே சொல்கிறாள். சில நாள் சொல்வதில்லை.

இனி எழுதப் போவதை நீங்கள் மதரிடமிருந்து முன்னமே கேள்விப்பட்டிருக்கலாம். அவர் முதல் கடிதத்திலேயே இரண்டு முகாம்களைக் குறிப்பிட்டு, எது எனக்கு உகந்தது என்று கேட்டிருந்தார். எரிக்கோ முகாம் ஒன்று. ஜோர்டான் ஆற்றுக்கு அக்கரையில், மலைப்பக்கமாக இருக்கும் சிறிய முகாம் மற்றொன்று. நான் அப்போது ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் எரிக்கோ என்று எழுதினேன். இப்போது, வருகிறேன் என்று மறுபடி எழுதியபோது, அக்கரை முகாமுக்கே அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். மதர் சம்மதித்துவிட்டார்.

எரிக்கோவில் உங்கள் மருந்தகம் இருக்கிறது. அங்கே வகுப்பு நடத்தினால், பெண்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் அன்று எனக்குப் பாடம் ஓடாது. வீட்டையும் பிள்ளையையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, என் பிள்ளையை நான் தேடிக்கொண்டிருப்பது முறையல்ல என்று தோன்றியது. நீங்கள் எழுதிய வரிக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். இது சரியா, வீம்பா என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியின் வாயைத் துணிபோட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்துவிட்டு, "அம்புட்டுத் தூரம் போயிப் பெத்த புள்ளையப் பாக்காம வர்ற ஒரே தகப்பன் ஒலகத்துல நீங்கதான்" என்றாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே வந்து, "அவ எப்படி இருக்கான்னு நான் கேட்டா என்ன சொல்லுவீங்க? அதையாச்சும் யோசிச்சு வச்சுக்கிட்டுப் போங்க" என்றாள்.

அம்மாவின் உடம்பைப் பற்றி நான் இதுவரை சரியாக எழுதவில்லை. வெயில் ஏறியும் மூச்சிரைப்பு விடவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் தூங்குகிறாள். கால் வீங்கியிருக்கிறது. மதுரையில் பெரிய டாக்டரிடம் சூசை கூட்டிப்போனான். அவரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்து, "நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க மச்சான். சீக்கிரம் வாங்க" என்றான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். நான் போகவில்லை, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "இருந்து? எம் மூச்ச நீங்க இழுத்து விடப் போறீங்களா?" என்றாள். என் வேட்டிகளை அவளேதான் மடித்துப் பெட்டியில் வைத்தாள். இடையிடையே உட்கார்ந்து உட்கார்ந்து வைத்தாள். நான் உதவப் போனால் விரட்டினாள்.

மதரின் கடைசிக் கடிதத்தில் ஒரு விவரம் இருக்கிறது. அக்கரை முகாமில் மருந்தகம் கிடையாதாம். எரிக்கோவிலிருந்து மாதம் ஒரு முறை மருந்து வண்டி வரும். எனக்கு வேண்டிய தாளும் பென்சிலும் அதிலேயே வந்துவிடும் என்று எழுதியிருக்கிறார். வண்டியோடு சகோதரிகளில் யாராவது ஒருவர் வருவது வழக்கமாம். யார் என்று அவர் எழுதவில்லை. அது உங்கள் மடத்து ஏற்பாடு. அதில் நான் தலையிடுவது சரியல்ல. தலையிடவும் மாட்டேன். வண்டியில் வேறு யார் வந்தாலும் எழுந்து நின்று வணக்கம் சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொள்வேன். அவர்களிடம் எதையும் விசாரிக்க மாட்டேன்.

சகோதரி அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கப்பல் ஏறுவதற்கு முன் பதில் கிடைத்தால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் புறப்படுவேன். மற்ற நாளெல்லாம் வகுப்பைக் கூடாரத்தின் உள்பக்கத்தில்தான் வைத்துக்கொள்வேன். மருந்து வண்டி வரும் நாளில் மட்டும் வாசல் பக்கமாக வைத்துக்கொள்ளலாமா?

மாதா உங்களைக் காப்பாற்றட்டும். அந்த ஊர் வெயிலில் தலையை மூடிக்கொண்டு போம்மா.

இப்படிக்கு,
அருள்நாதன்